ஆள் இல்லை என்றது சர்வர்

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ரேகா அக்கா முந்நூற்றுப் பதினெட்டுப் பேரைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பினார். உள்ளே போனவர்கள் பன்னிரண்டு பேர். மீதி முந்நூற்று ஆறு பேரையும் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

ரேகா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோடு போட்ட நோட்டை எடுத்து மேலே தேதியையும் நேரத்தையும் எழுதினார். பிறகு திரையைப் பார்த்து, "வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். பிழைகளிடம் அவர் அப்படித்தான் பேசுவார், கல்யாணப் பந்தியில் ஆட்களை உட்கார வைப்பவரைப் போல.

ரேகா அக்காவுக்கு இருபத்தேழு வயது. ஓவேலியில் உள்ள கிளென்ரோவன் எஸ்டேட்டின் மூன்றாம் நம்பர் லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா வீரம்மா இன்றும் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். கூடலூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்த பிறகு அக்காவுக்கு அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. கொழுந்து எடை போடும் கொட்டகையில் இரண்டு வருடம் நின்று கிலோ எழுதினார். ஆனால் ஆபீசில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், இன்டர்நெட் போனாலும், மேனேஜர் கொட்டகைக்குத்தான் ஆள் அனுப்புவார். அக்கா மழைக்கோட்டோடு ஓடி வருவார், சரிசெய்வார், மறுபடியும் தராசுக்கு ஓடுவார். அவரோடு சேர்ந்து நடக்க லைனில் யாராலும் முடியாது. நடப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பதே பாதி ஓட்டம்தான்.

மூன்று மாதங்களுக்கு முன்பு மேனேஜர் அவரை ஆபீசில் உட்கார வைத்தார். நிரந்தரமாக அல்ல, சோதனைக்காக. அந்தச் சோதனையின் கடைசி வேலைதான் இது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் எஸ்டேட்டின் எல்லா ஆட்களையும் ஒரு பிழைகூட இல்லாமல் டைரக்டரிக்குள் ஏற்றிவிட்டால் அந்த நாற்காலி அவருக்கு. முடியாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வெளிக் கம்பெனி ஆள் வந்து பொறுப்பு எடுப்பார், ரேகா அக்கா எடைக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும்.

டைரக்டரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கம்பெனியின் ஆட்கள் எல்லோரையும் பற்றிய விவரம் ஒரே இடத்தில் இருக்கும். அதுதான் டைரக்டரி. அது குன்னூர் ஹெட் ஆபீசில் ஒரு சர்வரில் இருக்கிறது. வாசலில் விரல் வைத்தாலும், தராசில் அட்டையைக் காட்டினாலும், அந்த மெஷின்கள் டைரக்டரியிடம்தான் "இவர் யார்?" என்று கேட்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவிலும் பல கட்டங்கள்: பெயர், குடும்பப் பெயர், போன் நம்பர், அவரை வேலை வாங்கும் மேஸ்திரி யார் என்று. இந்தக் கட்டங்களுக்குத்தான் அட்ரிபியூட் என்று பெயர். எந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, எதில் எண் மட்டும்தான் வரலாம் என்று சர்வரிடம் சட்டம் இருக்கிறது. ஒரு கட்டம் தவறினாலும் அந்த ஆளையே வெளியே நிறுத்திவிடும்.

திங்கட்கிழமை மாலைக்குள் அக்கா இரண்டு வகைப் பிழைகளைத் தீர்த்துவிட்டார். முதலாவது, குடும்பப் பெயர். அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்கிறது சர்வர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்பினார். இரண்டாவது, போன் நம்பர். செக்ரோல் என்னும் வருகைப் புத்தகத்தில் மேஸ்திரிகள் எழுதியிருந்ததை அக்கா அப்படியே தட்டச்சு செய்திருந்தார். அதில் ஒரு பெண்ணின் நம்பருக்குப் பக்கத்தில் "இது கொழுந்தன் போன், ஏழு மணிக்கு மேல் கூப்பிடவும்" என்று இருந்தது. எண் கட்டத்தில் கொழுந்தன் வந்தால் சர்வர் எப்படி ஒத்துக்கொள்ளும்? அதைப் படித்து அக்கா தனியாகச் சிரித்தார். அப்படி நாற்பத்திரண்டு நம்பர்கள். எல்லாவற்றையும் சுத்தம் செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி அனுப்பினார். உள்ளே போனவர்கள் முப்பத்தொன்பது. வெளியே நின்றவர்கள் இருநூற்று எழுபத்தொன்பது. இந்த முறை எல்லாருக்கும் ஒரே பிழை. மேஸ்திரி என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் ஆள் டைரக்டரியில் இல்லை என்றது சர்வர்.

அந்த இருநூற்று எழுபத்தொன்பது பேரில் வீரம்மாவும் ஒருவர். அவர் கொழுந்து பறிக்கும் கேங்கின் மேஸ்திரி ஒச்சப்பன். அக்கா டைரக்டரியைத் திறந்து ஒச்சப்பனைத் தேடினார். ஒச்சப்பன் இருந்தார். பெயர், அப்பா பெயர், நம்பர் எல்லாம் சரியாக, கல்லுப் பிள்ளையார் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஹெட் ஆபீசுக்குப் போன் செய்தார். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவர் உவைஸ். குன்னூர் பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. அவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். இருவரும் நேரில் பார்த்ததில்லை. மூன்று மாதமாகப் போனில்தான் பழக்கம்.

"உவைஸ் சார், ஒச்சப்பன் இல்லைன்னு உங்க சர்வர் சொல்லுது. நான் பார்க்குறேன், இருக்காரு."

"ஏனுங்க ரேகா, பேருக்குப் பின்னாடி ஸ்பேஸ் ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு பாருங்க."

"பார்த்தாச்சு. எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கு."

"எல்லா கேங்குக்கும் இப்படியா?"

"பத்து கேங்ல ஒம்போது. ஷிஜோ மேஸ்திரி கேங் மட்டும் அத்தனை பேரும் உள்ள போயிட்டாங்க."

"அப்ப நம்ம சர்வருக்கு மலையாளம்தான் புடிக்குதாட்ட இருக்குதுங்க" என்று உவைஸ் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "வியாழக்கிழமை காத்தால அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வர்றாருங்க. வண்டி சொல்லியாச்சு. அதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார்.

அன்று முழுக்க அக்கா எழுந்திருக்கவில்லை. ஷிஜோவின் கேங்கையும் ஒச்சப்பனின் கேங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை. மத்தியானம் ஒரு காரியம் செய்து பார்த்தார். தன் அம்மாவை மட்டும் தனியாகக் கையால் சேர்த்தார். வீரம்மா, மேஸ்திரி ஒச்சப்பன் என்று போட்டு அழுத்தினார். சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேர்த்துக்கொண்டது.

அக்கா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். கூட்டத்தோடு போனால் அம்மாவைச் சேர்க்க மாட்டேன் என்கிறது, தனியாகப் போனால் சேர்த்துக்கொள்கிறது. என்ன கதை இது? நோட்டில் அதை எழுதி அடியில் மூன்று கோடு போட்டார். மற்றவர்களையும் இப்படிக் கையால் சேர்த்துவிடலாமே என்றால், அது நடக்காது. இவர் செய்துகொண்டிருப்பது ஒத்திகைக்கென்று ஹெட் ஆபீஸ் ஒதுக்கிய சோதனை இடத்தில். ஒவ்வொரு முறையும் ஏற்றிய எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்பது ஹெட் ஆபீஸ் விதி. வியாழக்கிழமை உண்மையான சர்வரில் உவைஸ்தான் ஏற்றுவார். அதற்குப் பெயர்ப் பட்டியல் உள்ள ஃபைல் மட்டுமே போக வேண்டும், யாரும் நடுவில் கை வைக்கக் கூடாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்கா அம்மாவிடம் முறையிட்டார். "உங்க மேஸ்திரி ஆளே இல்லையாம்மா."

"யாரு, ஒச்சப்பனா? இன்னைக்கு மட்டும் என்னைய நாலு தடவ ஏசினாரு. இல்லாத ஆளா ஏசுவாரு?" என்றார் வீரம்மா. "காலையில பெரட்டுக்கு வந்து நேராவே கேட்டுப் பாரு. அவரு பேர எப்படி எழுதுறாருன்னு அவருக்குத்தானே தெரியும்."

பெரட்டு என்பது காலையில் ஆள் கூப்பிட்டுப் பெயர் எடுப்பது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டு வந்த சொல். இப்போது எஸ்டேட்டில் எல்லாருக்கும் அதுதான். புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அக்கா பெரட்டுக் களத்தில் இருந்தார். சன்னமாக மழை. பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கேங் கேங்காக நின்றார்கள். ஒச்சப்பன் மேஸ்திரி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்து கூப்பிட ஆரம்பித்திருந்தார். நடுவில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. முடியட்டும் என்று அக்கா ஓரமாக நின்றார்.

பக்கத்துக் கேங்கின் ஷிஜோ மேஸ்திரி எப்போதும் போலச் சீக்கிரம் முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். அவர் தேவர்சோலைப் பக்கத்து மலையாளி, வேறு எஸ்டேட்டிலிருந்து போன வருடம்தான் மாறி வந்தார். ஒச்சப்பன் கேங்கில் பிரீத்தி என்று ஒரு பெண் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஷிஜோ அவளிடம் போய் மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"மோளே, நீ ஆரோட கேங்?"

"ஒச்சப்பன் மேஸ்திரி கேங்."

"அவரு இன்னும் வந்நிட்டில்லையே. மேஸ்திரி இல்லாத கேங்ல எப்படி நிக்கும்?"

பிரீத்தி திகைத்துப்போய் எதிரில் கையைக் காட்டினாள். "இதோ நிக்கிறாரே."

"நிக்குது, சரி. புக்ல வந்தாச்சா? கடைசியா அவரு பேர அவரே கூப்பிடணும், அப்புறம்தான் ஆளு வந்ததா அர்த்தம். அது வரைக்கும் அவரு லீவு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒச்சப்பன் தலையைத் தூக்காமலே, "தன் பேரத் தானே மொதல்ல கூப்பிட்டுக்கிற ஆளுகளுக்கு எங்க முறை விளங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். முப்பத்தொரு பெண்களையும் கூப்பிட்டு முடித்தார். கடைசியில் சத்தமாக, "ஒச்சப்பன்" என்று கூப்பிட்டு, "வந்தாச்சு" என்று தானே பதிலும் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அவர் நிமிர்ந்தபோது ரேகா அக்கா அங்கே இல்லை. ஆபீசை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். குறுக்குப் பாதையில் பலா மரத்தடியில் யானை நிற்கிறது என்று வாட்ச்மேன் கத்தினார். அக்கா நிற்காமல் திரும்பி, ஃபாக்டரியைச் சுற்றிப் போகும் ரோட்டில் ஓடினார். அது இரண்டு மடங்கு தூரம். வழியெல்லாம் மனதுக்குள் கணக்கு ஓடியது.

ஃபைலை அவர் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தார். எந்த வரிசையில் கூப்பிடுகிறார்களோ அதே வரிசை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வரிசை என்பதால் அவர் அதை யோசித்ததே இல்லை. ஆனால் சர்வர் மேலிருந்து கீழே படிக்கிறது. வீரம்மா வருகிறார். உன் மேஸ்திரி யார்? ஒச்சப்பன். ஒச்சப்பன் எங்கே? இன்னும் இருபது வரிக்குக் கீழே இருக்கிறார். அப்படியென்றால் ஆள் இல்லை, போ வெளியே. இப்படி முப்பத்தொரு பேரையும் வெளியே தள்ளிய பிறகு ஒச்சப்பன் வருகிறார். அவருடைய மேஸ்திரி கட்டத்தில் இருப்பது அவருக்கு மேலதிகாரியான ஃபீல்டு ஆபீசர். அவரோ ஆபீஸ் ஆட்களோடு முன்னமே டைரக்டரியில் இருக்கிறார். ஆகவே ஒச்சப்பன் மட்டும் சிரமமில்லாமல் உள்ளே போய்விடுகிறார். பிறகு அக்கா தேடும்போது அவர் இருக்கிறார். அம்மாவைத் தனியாகச் சேர்த்தபோதும் அவர் இருந்தார். சர்வர் பொய் சொல்லவே இல்லை. அது கேட்ட நிமிடத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான். ஷிஜோ தன் பெயரை முதலில் எழுதுகிறவர். அதனால்தான் அவருடைய கேங் முழுக்க உள்ளே போனது.

எட்டே காலுக்கு அக்கா நனைந்த தலையோடு கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தார். ஒன்பது கேங்கிலும் மேஸ்திரியை வெட்டி எடுத்து மேலே ஒட்டினார். பழையதை அழித்தார். அனுப்பினார். பச்சை வரி ஒன்று, இன்னொன்று, பத்து, நூறு. சிவப்பே இல்லை. முந்நூற்றுப் பதினெட்டு. பிழை பூஜ்யம். அக்கா மேஜையில் இரண்டு கையாலும் தாளம் போட்டார். மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஒவ்வொரு மேஸ்திரியும் தன் கேங்கின் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளும் ஏற்றும் ஃபைலும் வரிக்கு வரி ஒன்றாக இருக்க வேண்டும். இனிமேல் பெரட்டில் கூப்பிடப் போவதும் அந்தத் தாளைப் பார்த்துத்தான். மத்தியான எடைக்கு மேஸ்திரிகள் கொட்டகைக்கு வந்தபோது அக்கா தாள்களோடு போய் நின்றார். ஒச்சப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"என்னா புள்ள இது, என் பேரத் தூக்கித் தலையில வச்சிருக்க?"

"கம்ப்யூட்டருக்காகத்தான் மேஸ்திரி. அப்பதான் அது எடுத்துக்குது."

"கம்ப்யூட்டரா நாளைக்கு மழையில நின்னு ஆள் கூப்பிடப் போகுது? நான்தானே கூப்பிடணும்."

"பேர் எங்க இருந்தா என்ன?"

"என்னவா? என் பேரு மொதல்ல வந்தா எனக்கு அன்னைக்கு நாள் கூலி அப்பவே விழுந்துருது. அப்புறம் எவளாச்சும் புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு ஓடி வந்தா, எனக்கென்னான்னு புக்க மூடிட்டுப் போகலாம். என் பேரு கடைசின்னா, அத்தன பேரும் வந்து சேர்ற வரைக்கும் நானும் வராத ஆளு. அவளுக வரலைன்னா எனக்கும் நாள் இல்ல."

ஷிஜோ பக்கத்திலிருந்து, "அப்போ ஞான் புக்க மூடிட்டு ஓடுற ஆளா?" என்று கேட்டார்.

"நீ ஓட மாட்டப்பா. உனக்கு அடுத்து வர்றவன் எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

 மற்ற எட்டு மேஸ்திரிகளும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எடைக்கு நின்ற பெண்களில் ஒருத்தி, "மேஸ்திரி சொல்றது சரிதான் ரேகா. போன வாரம் எனக்காகப் பத்து நிமிசம் நின்னாரு" என்றாள்.

அக்காவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இருபது மணி நேரம்கூட இல்லை, இப்போது போய் வரிசைக்குச் சண்டையா? ஆனால் அந்தப் பெண் சொன்னதைக் கேட்ட பிறகு அவரால் வற்புறுத்த முடியவில்லை. தாள்களை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். இந்த முறை உண்மையிலேயே நடந்தார், மெதுவாக. ஃபாக்டரி வளைவு வரை வந்தவர் சட்டென்று நின்று, அங்கிருந்தே உவைஸுக்குப் போன் செய்தார்.

"உவைஸ் சார், ஒரே ஒரு கேள்வி. குடும்பப் பேர் மாதிரி இந்த மேஸ்திரி கட்டமும் கட்டாயமா? காலியா விட்டா ஆளை வெளிய தள்ளுமா?"

"இருங்க, சட்டத்தப் பார்த்துச் சொல்றேன்." கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "கட்டாயம் இல்லீங்க. காலியா விடலாம். ஆனா போட்டா, போட்ட ஆள் இருக்கணும்."

"அப்ப ரெண்டு நடையா அனுப்பலாம்."

"புரியலீங்க."

"மொத நடையில எல்லாரும் பெரட்டு வரிசையிலேயே உள்ள போகட்டும். மேஸ்திரி கட்டம் காலி. ஒச்சப்பன் கடைசியாவே வரட்டும், எனக்கென்ன. எல்லாரும் உள்ள வந்து உட்கார்ந்த பிறகு ரெண்டாவது ஃபைல். அதுல அந்தக் கட்டம் மட்டும். வீரம்மாவுக்கு ஒச்சப்பன், அடுத்தவங்களுக்கு அவங்கவங்க ஆளு. அப்ப தேடினா எல்லாரும் இருப்பாங்கல்ல?"

 "இது எனக்கு ஏனுங்க தோணாமப் போச்சு?" என்றார் உவைஸ்.

நாலரை மணிக்குச் சோதனை முடிந்தது. முதல் நடை, முந்நூற்றுப் பதினெட்டு. இரண்டாவது நடை, முந்நூற்றுப் பதினெட்டு. பழைய வரிசையில் அச்சிட்ட தாள்களில் மேஸ்திரிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒச்சப்பன் தன் பெயர் அடியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு உண்மையான சர்வரில் ஏற்றம் தொடங்கியது. அதை இங்கிருந்து பார்க்க முடியாது. உவைஸ் பார்த்துப் பார்த்துப் போனில் சொன்னார். முதல் நடை சுத்தமாக முடிந்தது. இரண்டாவது நடையில் நூறு, இருநூறு, "இருநூத்தித் தொண்ணூறுங்க" என்றபோது போன் இணைப்பு அறுந்துவிட்டது. மழைக்கு ஓவேலியில் டவர் போவது புதிதல்ல. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தார். ஜன்னலில் ஏறினார். படிக்கட்டில் நின்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தாறுக்குப் போன் மணி அடித்தது.

"முந்நூத்திப் பதினெட்டு. பிழை பூஜ்யம்" என்றார் உவைஸ். "கோயம்புத்தூர்க்காரர் பர்லியார்ல டீ குடிச்சிட்டு இருக்காருங்களாம். அங்கிருந்தே திரும்பிப் போகச் சொல்லிட்டாங்க. பாவம், மழையில அவ்வளவு தூரம் வந்துட்டாரு."

மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். வேலை ஆர்டர் சாயங்காலத்துக்குள் கையில் இருக்கும் என்றார். அக்கா நன்றி சொன்னாரா என்று அவருக்கே நினைவில்லை. அடுத்த நிமிடம் அவர் ஏழாம் நம்பர் காட்டில், இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ஆபீஸ் வேலை எனக்குத்தான். இனிமே கொட்டகைக்கு வர மாட்டேன்."

வீரம்மா கையிலிருந்த கொழுந்தைப் பைக்குள் போட்டார். மகளின் முகத்தில் வழிந்த மழையை முந்தானையால் துடைத்தார். பிறகு வரிசையிலிருந்த மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்லதாப் போச்சு. இவ தராசுல நின்ன ரெண்டு வருசத்துல பெத்தவளுக்குன்னு ஒரு கால் கிலோ கூட்டி எழுதினதில்ல."